ஊருணிப் புழுவில் ஒரு பஃப்: எட்டு மாதம் பயன்படுத்திய மைக்ரோஸ்கோப் பற்றி

இந்த மைக்ரோஸ்கோப்பை வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று இதுவரை மூன்று பேர் போனில் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் சொன்னதைச் சேர்த்து, அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர். மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள்.

நான் இதை வாங்கியது ஒரே ஒரு படத்துக்காக. செல் பாடத்தில் இராட்சத குரோமோசோம் என்று ஒரு படம் வரும். குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போட்ட ஒரு தடித்த கயிறு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் கோடுகள் கலைந்து வெளியே உப்பியிருக்கும். அந்த உப்பலுக்குப் பக்கத்தில் 'பஃப்' என்று அம்புக்குறி. வருஷா வருஷம் கலர் சாக்பீஸால் அதைப் போர்டில் வரைந்தேன். "டீச்சர், நிஜமாவே இப்படித்தான் இருக்குமா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். "ஆமா, இப்படித்தான் இருக்கும்" என்பேன். ஆனால் நான் பார்த்ததில்லை. எம்.எஸ்சி. படித்தபோது அந்தப் பரிசோதனை நடக்கவிருந்த வாரம் சாயம் தீர்ந்துபோயிருந்தது. பிறகு நான் வேலை பார்த்த இடத்தில், கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடிக்கிற பழைய மைக்ரோஸ்கோப்புதான். அதன் பெரிய லென்ஸில் கீறல். ஓய்வுப் பணம் வந்ததும் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் இதை வாங்கினேன்.

கருவி அம்பாலாவில் செய்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூட ஆய்வகச் சாமான்களில் நிறைய, ஹரியானாவிலிருக்கும் அந்த ஊரிலிருந்துதான் வருகின்றன. ஒரே மாதிரி கருவியை ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்கள். அதனால் பெயரைவிட அமைப்பைச் சொல்வதுதான் வாங்குபவருக்கு உதவும். இரண்டு கண்ணாலும் பார்க்கிற வகை. கண்பக்க லென்ஸ் 10 மடங்கு, பொருள்பக்க லென்ஸ்கள் 4, 10, 40, 100. கீழே வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சர் (1.25 என்று எழுதியது), அதில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கத் திறந்து மூடும் ஐரிஸ். எல்இடி விளக்கு. ஸ்லைடை இரண்டு குமிழால் நகர்த்தும் மேடை. விலை 13,800 ரூபாய், கூரியருக்கு 450. ஒற்றைக் கண் வகை பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அறுபது வயதுக்கு மேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்க்க முடியாது. கழுத்தும் வலிக்கும், கண்ணும் வலிக்கும்.

மதுரையில் ஒரு ஆய்வகச் சாமான் கடையில் சொல்லி வரவழைத்தேன். முதலில் வந்தது சரியில்லை. இடது கண்ணுக்குத் தெரிவதைவிட வலது கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் மேலே இருந்தது. பத்து நிமிஷம் பார்த்தால் தலைவலி. "அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க டீச்சர், பழகிடும்" என்றார்கள். இது பழக்கத்தால் சரியாகிற விஷயம் இல்லை, உள்ளே இருக்கும் பிரிசம் சாய்ந்திருக்கிறது. போனில் வீடியோ எடுத்து அனுப்பி, நாலு முறை பேசி, 19 நாள் கழித்து வேறொன்று வந்தது. ஆகவே பெட்டியைத் திறந்த அன்றைக்கே ஒரு சோதனை செய்துவிடுங்கள். செய்தித்தாளில் ஒரு எழுத்தை வெட்டி ஸ்லைடில் வைத்து, 10 லென்ஸில் வட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் மறு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டிலும் எழுத்து நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவதாக வந்தது நல்ல கருவி. ஃபோகஸ் குமிழ் முதல் வாரம் தானாகவே இறங்கிக்கொண்டே இருந்தது. குமிழுக்கு உள்பக்கம் ஒரு வளையம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும். இது குறிப்புத் தாளில் இல்லை. மேடைக் குமிழ் திசை மாற்றும்போது அரைச் சுற்று வெறுமனே சுற்றும், அது இன்றுவரை அப்படியேதான். விளக்கு நன்றாக இருக்கிறது, சூடே இல்லை. கரண்ட் போனால் இன்வர்ட்டரில் ஓடுகிறது. எங்கள் பக்கம் காற்றில் செம்மண் தூசி அதிகம். பட்டாலையில் வைத்திருக்கிறேன், மூடி போடாமல் ஒரு நாள்கூட விட்டதில்லை.

பெட்டியோடு தந்த கவர்ஸ்லிப்பை (ஸ்லைடில் பொருளின் மேல் மூடும் சின்னக் கண்ணாடித் துண்டு) பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அது தடிமன். 40 லென்ஸ், 0.17 மில்லிமீட்டர் தடிமனுக்கென்று செய்தது. அதைவிடத் தடித்த கண்ணாடி போட்டால் எவ்வளவு திருகினாலும் படம் பால் ஊற்றியது போல் மங்கும். லென்ஸ்தான் மட்டம் என்று நானும் முதலில் நினைத்தேன். மெல்லிய கவர்ஸ்லிப் ஒரு பாக்கெட் தனியாக வாங்கிப் போட்டதும் அதே லென்ஸ் கண்ணைத் திறந்துவிட்டது. இந்தக் கருவியை வாங்குகிறவர்கள் முதலில் செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான்.

இனி, எதற்காக வாங்கினேனோ அதற்கு வருகிறேன்.

அரையாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்தி பதினோராம் வகுப்பு. மார்கழி, ஊருணிகளில் தண்ணீர் நிறைந்திருந்த நேரம். எங்கள் ஊரில் குடிக்கிற ஊருணியில் யாரும் கால்கூட நனைக்க மாட்டோம். அதனால் குளிக்கிற ஊருணியின் செம்புறாங்கல் படி ஓரத்தில், வேப்பிலை மக்கிக் கிடந்த சேற்றை ஒரு சொம்பில் அள்ளிவந்தோம். வெள்ளைத் தட்டில் ஊற்றிக் கொஞ்சம் தெளியவிட்டதும் சிவப்புச் சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தன. மீன் தொட்டிக் கடையில் பிளட்வார்ம் என்று விற்பார்களே, அதுதான். கைரோனோமஸ். நம் ரத்தத்தில் இருப்பது போலவே ஹீமோகுளோபின் இருப்பதால் அந்தச் சிவப்பு. மக்கிய சேற்றில் ஆக்சிஜன் குறைவு, அங்கே அதற்கு இது வேண்டியிருக்கிறது. வளர்ந்தால் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. மாலையில் விளக்கைச் சுற்றித் தூண் போல் கூட்டமாக ஆடும் பூச்சி அது.

இந்தப் புழுவை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1881-ல் பால்பியானி என்ற பிரெஞ்சுக்காரர் இராட்சத குரோமோசோமை முதன்முதலில் பார்த்தது கைரோனோமஸ் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான். அந்தச் செல்கள் பிரியாமலே டிஎன்ஏவை மட்டும் மறுபடி மறுபடி நகல் எடுத்துக்கொண்டே போகின்றன. நகல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசை மாறாமல் நிற்கின்றன. கைரோனோமஸில் ஏறத்தாழ 8,000 நகல்வரை போகும். பழ ஈயில் ஆயிரத்துச் சொச்சம்தான். ஒற்றை நூலை எந்தச் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலும் பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த கட்டு என்றால் என் 13,800 ரூபாய்க் கருவிக்கே தெரிகிறது.

சுரப்பியை எடுப்பதுதான் கஷ்டம். 0.7 சதவீத உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு, அதில் புழு. ஒரு ஊசியால் உடம்பைப் பிடித்துக்கொண்டு மறு ஊசியால் தலையை மெல்ல இழுக்க வேண்டும். சிவப்பு கசியும். அதற்கு நடுவில் கண்ணாடி போலத் தெளிவாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் சுரப்பி வரும். முதல் நாலு புழுவில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஐந்தாவதில் பேத்திதான் "ஆயா, அந்த ஜவ்வரிசி மாதிரி இருக்கே, அதுவா?" என்று கண்டுபிடித்தாள். அதுவேதான். அதை அசிட்டோ ஆர்சீன் சாயத்தில் 15 நிமிஷம் போட்டு, 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டில் வைத்து, கவர்ஸ்லிப் போட்டு, மேலே மையொற்றுத்தாளை மடித்து வைத்துக் கட்டைவிரலால் நேராக அமுக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் எல்லாம் சுருண்டுவிடும். வீட்டு வினிகர் இதற்குப் போதாது. அசிட்டிக் அமிலத்தை வாங்கி நீர்த்துக்கொள்ள வேண்டும். நெடி தாங்காது, கையில் பட்டால் பொத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு வளவில், திறந்த வெளியில் செய்தோம். விளிம்புக்கு நகப்பாலிஷ் பூசினால் இரண்டு நாள் காயாமல் இருக்கும்.

11 புழு எடுத்தோம், நாலு நல்ல ஸ்லைடு கிடைத்தது. ஒவ்வொன்றும் ஓர் உயிர் என்பதால் எண்ணிக்கையை நோட்டில் எழுதினேன். தேவைக்கு மேல் ஒன்றும் அறுக்கவில்லை.

10 லென்ஸில் செல்லுக்குள் பழுப்புச் சிவப்பில் சுருண்ட கயிறுகள். 40-ஐத் திருப்பினேன், ஐரிஸைக் கொஞ்சம் மூடினேன். கண்டாங்கிச் சேலையின் கோடுகள் போல் தடித்ததும் மெல்லியதுமாகப் பட்டைகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. எண்ணிப் பார்த்தால் நாலு குரோமோசோம், மூன்று நீளம், ஒன்று குட்டை. அந்தக் குட்டையில் கோடு குலைந்து, ஓரம் சரிகை நூல் பிரிந்தது போலப் பஞ்சாக உப்பி நின்ற இடம்தான் பால்பியானி வளையம். 31 வருஷம் போர்டில் நான் வரைந்த அதே உப்பல். கண்ணை எடுக்கவே முடியவில்லை. கண்ணாடி நனைந்து மங்கியதும்தான் எடுத்தேன். அப்புறம் பேத்தியைப் பார்க்கச் சொன்னேன். "இது என்ன பண்ணுது ஆயா?" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு மரபணு விழித்து வேலை செய்கிறது. இறுக்கிச் சுற்றியிருந்த டிஎன்ஏ அவிழ்ந்து, அதைப் பார்த்து ஆர்என்ஏ எழுதப்படுகிறது. குட்டைக் குரோமோசோமின் அந்த வளையங்கள், இந்தப் புழு சேற்றை ஒட்டிக் குழாய் வீடு கட்டிக்கொள்கிறதே, அந்தப் பட்டு மாதிரிப் பசைப் புரதத்துக்கான மரபணுக்கள். 1952-ல் பீர்மான் என்ற ஜெர்மன் ஆய்வாளர், எந்த உறுப்பு, எந்த வயது என்பதைப் பொறுத்து உப்பும் இடங்கள் மாறுகின்றன என்று காட்டினார். எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான், வேலை செய்கிறவை மட்டும் வேறு வேறு என்பதைக் கண்ணால் பார்க்க வைத்தது அது.

அதை விழிக்க வைப்பது யார்? இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் குரல் உயர்ந்துவிடும். 1954-ல் பூட்டனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தார்கள். பூச்சி சட்டை உரிக்கவும் கூட்டுப்புழுவாகவும் உத்தரவு தரும் ஹார்மோன் அது, ஸ்டீராய்டு வகை. 500 கிலோவுக்கு 25 மில்லிகிராம்! 1960-ல் கார்ல்சனும் கிளெவரும் அதில் துளியை ஒரு கைரோனோமஸ் புழுவுக்கு ஊசியில் போட்டுச் சுரப்பியை எடுத்துப் பார்த்தார்கள். 15 முதல் 30 நிமிஷத்துக்குள், முன்பு பட்டையாக இருந்த ஒரு குறிப்பிட்ட இடம் உப்பியிருந்தது. கொஞ்சம் தாமதமாக இன்னொரு இடம். ஒரு ஹார்மோன் நேராக மரபணுவிடம் போய் வேலை செய்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான். ஈ. கோலை பாக்டீரியாவின் ஓபரான் (ஒரே சுவிட்சில் சேர்ந்து இயங்கும் மரபணுக் கூட்டம்) பற்றிய பெயர்பெற்ற கட்டுரை வந்தது அடுத்த வருஷம், 1961-ல். பாடப்புத்தகங்களில் ஓபரானுக்கு இரண்டு பக்கம் தருகிறார்கள், இதற்கு ஒரு படமும் ஒரு வரியும்தான். எனக்கு அது சரியாகப் படவில்லை.

"ஸ்டீராய்டுன்னா ஜிம்முல போடுற ஊசியா ஆயா?" என்று கேட்டாள் பேத்தி. நல்ல கேள்வி. அதுவும் ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கு டாக்டர் தரும் பிரெட்னிசோலோனும் ஸ்டீராய்டு, பெண்களுக்குச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் ஸ்டீராய்டு. எல்லாம் கொலஸ்ட்ராலின் அதே நாலு வளையச் சட்டம் கொண்ட மூலக்கூறுகள். உடம்பு தானே செய்துகொள்பவை கொலஸ்ட்ராலிலிருந்துதான் வருகின்றன. பூச்சியால் கொலஸ்ட்ராலைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது, தின்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூளையிலிருந்து சமிக்ஞை வந்ததும் மார்புப் பக்கத்துச் சுரப்பி எக்டைசோனைச் செய்து ரத்தத்தில் விடும். மற்ற திசுக்கள் அதில் ஒரு ஆக்சிஜனைக் கூட்டி 20-ஹைட்ராக்சி எக்டைசோனாக்கும். பெரும்பாலும் வேலை செய்வது அதுதான்.

அது செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதில் நான் இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கொழுப்பில் கரையும், ஆகவே சவ்வைத் தாண்டித் தானாக நுழையும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 2018-ல் பழ ஈயில், அதை உள்ளே கூட்டிப்போக ஒரு கடத்திப் புரதமே இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அது இல்லாத செல்லுக்கு ஹார்மோன் வெளியே நிறைய இருந்தும் பயனில்லை. என்னிடம் படித்த யாராவது இதை வாசித்தால் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள்.

உள்ளே, உட்கருவில், ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பி காத்திருக்கிறது. 1991-ல் ஸ்டான்ஃபோர்டில் ஹோக்னஸ் ஆய்வகத்தில் அதன் மரபணுவைப் பிரித்தார்கள். பெயர் இசிஆர். அது தனியாக வேலை செய்யாது. அல்ட்ராஸ்பைராக்கிள் என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்தால்தான் டிஎன்ஏவையும் ஹார்மோனையும் உறுதியாகப் பிடிக்கும். இது அடுத்த இரண்டு வருஷத்துக்குள் தெளிவாயிற்று. அந்தத் துணைப் புரதத்துக்கு நம் உடம்பிலும் ஒரு பங்காளி இருக்கிறது, ஆர்எக்ஸ்ஆர் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, கார்டிசால் ஏற்பி எல்லாம் சேர்ந்து மனிதருக்கு இந்தக் குடும்பத்தில் 48 பேர். ஊருணிப் புழுவும் நாமும் இந்த விஷயத்தில் உறவுக்காரர்கள்.

டிஎன்ஏவில் இந்த ஜோடி உட்காரும் இடம் விகடகவி மாதிரி ஒரு சொல். ஆறு எழுத்து, நடுவில் ஒரு எழுத்து இடைவெளி, எதிர்ப்பக்கம் திரும்பிய மாதிரி மறுபடி ஆறு எழுத்து. ஹார்மோன் இல்லாதபோதும் அந்த ஜோடி பல மரபணுக்களின் மேல் உட்கார்ந்தேதான் இருக்கிறது, அப்போது அதன் வேலை கதவைச் சாத்தி வைப்பது. கூடவே அடக்கிப் புரதங்களை வைத்துக்கொண்டு டிஎன்ஏவை இறுக்கமாகச் சுற்றி வைக்கிறது. ஹார்மோன் வந்து இசிஆரின் குழிக்குள் பொருந்தியதும் அதன் வடிவம் மாறும். அடக்கிகள் விலகும், தூண்டிப் புரதங்கள் வந்து சேரும். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் குறி மாறும், சுற்று அவிழும். வாசலை அடைத்துக்கொண்டு நின்றவரே சேதி வந்ததும் கதவைத் திறந்து விருந்தாளியை உள்ளே அழைப்பது போல. எங்கள் வீட்டு முகப்பில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார். பேத்திக்கு அவரைத் தெரியாது, ஆனாலும் சொன்னதும் புரிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கேம்பிரிட்ஜில் ஆஷ்பர்னர் 1970-களில் பழ ஈயின் சுரப்பியை வெளியே எடுத்து, தட்டில் ஹார்மோன் விட்டுப் பார்த்தே கணித்தார். நிமிஷங்களில் ஆறு இடம் மட்டும் உப்பும். சில மணி நேரத்தில் அவை அடங்கிப் போகும், அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் வரிசையாக உப்பும். புரதம் செய்வதைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால்? முதல் ஆறும் வந்துவிடும், ஆனால் அடங்காது. பின்னால் வர வேண்டியவை வரவே வராது. இதிலிருந்து அவர் 1974-ல் சொன்னது: ஹார்மோனும் ஏற்பியும் நேராகத் திறப்பது முதல் சில மரபணுக்களை. அவற்றிலிருந்து வரும் புரதங்கள்தாம் அடுத்த கூட்டத்தைத் திறக்கின்றன, தங்கள் கதவையும் தாங்களே சாத்துகின்றன. மரபணுவைப் பிரித்துப் படிக்கும் வசதி வருவதற்கு முன்னால், உப்பல்களை மட்டும் கண்ணால் பார்த்து வந்த கணக்கு! பின்னால் ஈ74, ஈ75, பிராட் என்று அந்த முதல் மரபணுக்களைப் பிரித்தபோது, அவை எல்லாமே மற்ற மரபணுக்களை ஆளும் புரதங்களைத் தருபவையாக இருந்தன. கணக்கு சரியாக இருந்தது.

இதில் ஒரு துளியையாவது என் கருவியில் பார்க்க முடியுமா என்று யோசித்தோம். எங்களிடம் ஹார்மோன் இல்லை. ஆனால் புழுவிடம் இருக்கிறதே! ஒரே தட்டிலிருந்து, உடம்பு ஒரே தடிமனாக இருந்த புழு ஒன்று, தலைக்குப் பின்னால் தோள் பருத்துக் கூட்டுப்புழுவாகத் தயாரான புழு ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் ஸ்லைடு. பால்பியானி வளையம் இரண்டிலும் இருந்தது. தோள் பருத்ததில் மட்டும் நீளக் குரோமோசோம் ஒன்றின் முனைக்குப் பக்கத்தில் ஒரு புது உப்பல். மற்றதில் அதே இடம் கறுப்பான கெட்டிப் பட்டை. அதே வயதில் இன்னொரு ஜோடி எடுத்தும் அப்படியேதான் இருந்தது. கிளெவர் தந்த இட எண்களோடு நான் அதைப் பொருத்தவில்லை, அவர் பார்த்த இனத்தின் பட்டை வரிசை வேறு. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படம் வரைந்தோம். மத்தியானம் சாப்பிட மூன்றரை மணி ஆகிவிட்டது.

ஒரே ஹார்மோன், ஆனால் உறுப்புக்கு உறுப்பு பதில் வேறு. புழுவுக்குள் மடங்கிக் கிடக்கும் காலும் சிறகும் எக்டைசோன் வந்ததும் விரிந்து வளர்கின்றன. பழ ஈயில் இதே உமிழ்நீர்ச் சுரப்பி, கூட்டுப்புழு ஆன அரை நாளில் அடுத்த ஹார்மோன் அலை வந்ததும் தன்னையே அழித்துக்கொள்கிறது. இசிஆர் ஏற்பியே மூன்று வடிவத்தில் செய்யப்படுகிறது. ஏ என்ற வடிவம் சிறகு, கால் மொட்டுகளில் அதிகம், பி1 அழியப்போகிற புழுத் திசுக்களில் அதிகம். தவிர, முந்தைய அலை விட்டுப்போன புரதங்கள் அடுத்த அலைக்கு என்ன பதில் என்பதைத் தீர்மானிக்கின்றன. நான் சாயத்தில் போட்ட அந்தச் சுரப்பியும், விட்டிருந்தால் சில நாளில் கரைந்திருக்கும்.

ஊர்ப் பக்கத்துச் சேதி ஒன்று. நாயுருவி வேரில் இதே 20-ஹைட்ராக்சி எக்டைசோன் இருக்கிறது. அப்பத்தா பல் துலக்கிய குச்சி! பசலைக் கீரை மாதிரி இருக்கும் ஸ்பினாச்சிலும் உண்டு. தின்ன வரும் பூச்சியைக் காலம் தவறிச் சட்டை உரிக்க வைத்துக் கெடுக்கச் செடிகள் வைத்திருக்கும் ஆயுதம் இது. மெத்தாக்ஸிஃபெனோசைடு போன்ற புழுக்கொல்லிகளும் இசிஆரின் குழிக்குள் நுழைந்துதான் வேலை செய்கின்றன. அவை ஸ்டீராய்டே இல்லை, ஆனாலும் பொருந்திவிடுகின்றன. தின்ற புழு இரையை நிறுத்திவிட்டு அரைகுறையாகச் சட்டை உரிக்கத் தொடங்கிச் செத்துப்போகும்.

சரி, கருவிக்குத் திரும்புகிறேன். 100 லென்ஸ் எனக்கு ஏமாற்றம்தான். எண்ணெய் விட்டுப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூர்மை, ஓரமெல்லாம் வளைந்து மங்கல். குரோமோசோம் நீளமான பொருள் என்பதால் பாதிதான் தெரிகிறது. ஓரம்வரை தட்டையாகக் காட்டும் பிளான் வகை லென்ஸ் இந்த விலைக்கு வராது. சித்திரை வெயிலில் எண்ணெய் தண்ணீராக ஓடி மேடையில் இறங்கியது, துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் அதைத் தொடுவதை விட்டுவிட்டேன். பஃப் பார்க்க 40 போதும், தாராளமாகப் போதும். போனை மாட்டும் கிளிப் 600 ரூபாய். படம் நன்றாக வருகிறது, ஆனால் விளக்கைக் குறைத்தால் வீடியோவில் கோடு கோடாக ஓடும். வெளிச்சத்தை முழுதாக வைத்து ஐரிஸை மூடிக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு தருவேன். ஒன்றைக் குறைத்தது 100 லென்ஸுக்கும் அந்தத் தடித்த கவர்ஸ்லிப்புக்கும். கடைக்கு மூன்றுதான், 19 நாள் காக்க வைத்ததற்கு. செடித் தண்டு, எறும்பு, உப்புப் படிகம் மட்டும் பார்க்கச் சின்னப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இவ்வளவு வேண்டாம், ஒற்றைக் கண் வகையே போதும். ஆசிரியராக இருந்து, பள்ளியில் நல்ல கருவி இல்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள். சாயம், ஊசி, மெல்லிய கவர்ஸ்லிப், கையுறைக்கு இன்னொரு 1,500 ரூபாய் எடுத்து வையுங்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள் என்றால் நானே காட்டுகிறேன்.

பேத்தி ஊருக்குப் போவதற்கு முதல் நாள், தட்டில் மீதியிருந்த புழுக்களைக் கல்தொட்டியில் விட்டு வலை போட்டு மூடினோம். இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தேன். தண்ணீர் மேல் கண்ணாடித்தாள் போல் உரிந்த சட்டைகள் மிதந்தன. வலையின் உள்பக்கம் ஒன்பது பூச்சிகள், ஆண்களுக்குத் தலையில் இறகு போல் மீசை. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டு வலையை எடுத்துவிட்டேன். "தோள் பருத்ததும் இதுல இருக்கா ஆயா?" என்று உடனே பதில் வந்தது.